கல்வி விவாதங்களைக் கேலிச்சித்திரமாக வரைவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு மேசைக்குப் பின்னால் ஆசிரியர் உட்கார்ந்திருக்கிறார். எதிரே குரங்கு, யானை, நாய், கண்ணாடித் தொட்டியில் ஒரு மீன் என்று வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால் ஒரு மரம். பாரபட்சம் இருக்கக் கூடாது, அதனால் எல்லோருக்கும் ஒரே தேர்வு, அந்த மரத்தில் ஏறுங்கள் என்கிறார் ஆசிரியர். ஜெர்மன் ஓவியர் ஹான்ஸ் டிராக்ஸ்லர் 1970களில் வரைந்த படம் இது. யார் வரைந்தது என்றே தெரியாமல் எத்தனையோ பேர் இதைத் திரும்ப வரைந்துவிட்டார்கள். நீங்களும் ஏதோ ஒரு வடிவத்தில் பார்த்திருப்பீர்கள்.

இதில் எது மிகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்று கவனியுங்கள். ஆசிரியருக்குக் கோரைப்பல் இல்லை, கையில் பிரம்பு இல்லை. மீனும் அழவில்லை. கேள்வி மட்டும்தான் அபத்தத்தின் எல்லைவரை இழுக்கப்பட்டிருக்கிறது.

சமூகவியல், கல்வி பற்றிக் கேலிச்சித்திரம் வரைய வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஓர் அரசியல்வாதியை வரையும்போது மூக்கை நீட்டினால் பாதி வேலை முடிந்துவிடும். கல்வி விவாதத்தில் மூக்கு அவ்வளவாக உதவாது. இங்கே நீட்ட வேண்டியது மேசையை, கதவை, மாடிப்படியை, மதிப்பெண் பட்டியலை. கோளாறு எந்த ஏற்பாட்டில் இருக்கிறதோ, அதற்கு ஒரு பொருளைக் கண்டுபிடித்து அந்தப் பொருளைப் பெரிதாக்க வேண்டும்.

கேரிகேச்சர் என்ற சொல் 'கரிகாரே' என்ற இத்தாலிய வினையிலிருந்து வந்தது. பாரம் ஏற்றுவது என்று பொருள். முகத்தின் ஓர் அம்சத்தின் மேல் பாரத்தை ஏற்றினால் கேரிகேச்சர். கார்ட்டூன் என்பது முதலில் சுவரோவியத்துக்கான மாதிரி வரைவுக்குப் பெயராக இருந்தது. 1843-இல் பிரிட்டன் நாடாளுமன்றச் சுவர்களுக்காக அப்படிப்பட்ட வரைவுகளைக் கண்காட்சியாக வைத்தார்கள். 'பஞ்ச்' இதழில் ஜான் லீச் அதைக் கிண்டல் செய்து ஒரு படம் போட்டார்: கந்தல் உடுத்திய ஏழைகள் அந்தப் பகட்டான ஓவியங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். சோறு கேட்டவர்களுக்குக் கண்காட்சி. கார்ட்டூன் என்ற சொல் இன்றைய பொருளுக்கு வந்ததே அந்தப் படத்தால்தான். ஆக, பிறக்கும்போதே அது ஒரு சமூகக் கொள்கையைப் பற்றிய விமர்சனமாகத்தான் பிறந்தது.

முதலில் ஒரு வரி

பென்சிலைத் தொடுவதற்கு முன் நீங்கள் சொல்ல வருவதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "கல்வி வியாபாரமாகிவிட்டது" என்று எழுதினால் அது போதாது. அது புலம்பல். யார், எதை, யாருக்குச் செய்கிறார் என்பது அதில் இல்லை. "மதிப்பெண்ணை வைத்துப் பள்ளியை எடைபோடத் தொடங்கியதும், மதிப்பெண் வராது என்று தோன்றும் பிள்ளையைச் சேர்க்கப் பள்ளி தயங்குகிறது" என்று எழுதிப் பாருங்கள். இதில் ஆள் இருக்கிறார், செயல் இருக்கிறது, பாதிக்கப்படுபவர் இருக்கிறார். ஒரு வாசல்படி, ஒரு தராசு என்று படங்கள் தானாகவே வரத் தொடங்கும். (அமெரிக்க உளவியலாளர் டொனால்ட் கேம்பெல் 1970களில் சொன்ன விதிதான் இது. ஓர் அளவுகோலை முடிவெடுக்கப் பயன்படுத்தப் பயன்படுத்த, அது அளக்க வந்த விஷயத்தையே கெடுத்துவிடும்.)

இந்த ஒரு வரிக்காகக் கொஞ்சம் படித்துத்தான் ஆக வேண்டும். அதில் குறுக்குவழி இல்லை. நல்ல செய்தி என்னவென்றால், சமூகவியலாளர்கள் பலர் உருவகத்தில்தான் யோசித்திருக்கிறார்கள். பிரேசிலின் பாவ்லோ ஃப்ரெய்ரே, ஆசிரியர் பணம் போடுபவர்போலத் தகவலைப் போட, மாணவர் பெட்டிபோல வாங்கிக்கொள்ளும் முறையை வங்கிமுறைக் கல்வி என்றார். பிரான்சின் பியர் போர்தியூ, சில பிள்ளைகள் வீட்டிலிருந்தே கொண்டுவரும் பேச்சுநடை, ரசனை, புத்தகப் பழக்கம் இவற்றைப் பண்பாட்டு மூலதனம் என்றார். படிக்கும்போதே உங்கள் கண்ணுக்கு ஏதாவது தெரியும். ஆனால் அந்த உருவகத்தை அப்படியே வரைந்துவிடாதீர்கள். தலையில் உண்டியல் துளை உள்ள மாணவன் படம் ஆயிரம் முறை வந்தாயிற்று. அவர்கள் சொன்ன காரணகாரியத்தை எடுத்துக்கொண்டு, பொருளை நீங்களே தேடுங்கள்.

இருபது சின்னக் கட்டங்கள்

ஒரு தாளில் தீப்பெட்டி அளவில் இருபது கட்டம் போடுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் செலவழிக்கக் கூடாது. குச்சி மனிதர்கள் போதும். முதல் ஐந்தாறு கட்டங்களில் என்ன வரும் என்று இப்போதே சொல்லிவிடலாம்: ஏணி, ஓட்டப்பந்தயம், புத்தக மூட்டையில் நசுங்கும் பிள்ளை, தொழிற்சாலைப் பட்டையில் ஒரே மாதிரி வெளிவரும் மாணவர்கள், கயிறு கட்டிய பொம்மை. எல்லோர் கையிலும் முதலில் வருவது இவைதான். வரைந்துவிட்டுக் குறுக்கே கோடு போட்டுவிடுங்கள். அவை வெளியே வந்தால்தான் அடுத்தது வரும்.

நான் வரைந்த ஒரு படத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பார்ப்போம்.

என் வரி: "பள்ளி எல்லோருக்கும் திறந்திருப்பதாகச் சொல்கிறது; ஆனால் சில வீடுகள் மட்டுமே கொடுக்கக்கூடியதைப் பிள்ளை முன்கூட்டியே கொண்டுவர வேண்டும் என்று எதிர்பார்க்கிறது." போர்தியூ சொன்னதன் சாரம். முதல் கட்டங்களில் பந்தயம் வந்தது: ஒரு பிள்ளைக்குச் சமதளம், இன்னொரு பிள்ளைக்குத் தடைக்கம்பங்கள். அடித்துவிட்டேன். ஒன்பதாவது கட்டத்தில் ஒரு பள்ளி வாசல் வந்தது. கதவு அகலத் திறந்திருக்கிறது, காவலர் மட்டும் வழிமறிக்கிறார். இதுவும் சரியில்லை. காவலரை நீக்கினால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று அந்தப் படம் சொல்கிறது. என் வரி அப்படிச் சொல்லவில்லை. பதினான்காவது கட்டத்தில் காவலரின் வேலையைக் கதவுக்கே கொடுத்தேன். சுவரில் வாசல் இருக்கிறது, ஆனால் அது ஓர் ஆளின் உருவத்தில் வெட்டப்பட்டிருக்கிறது: படிய வாரிய தலை, ஒரு கையில் வயலின் பெட்டி, மறு கையில் தடித்த புத்தகம். அந்த வடிவத்தில் இருக்கும் பிள்ளை நேராக நுழைந்துவிடலாம். வெளியே ஒரு சிறுமி நிற்கிறாள், இடுப்பில் தம்பிப் பாப்பாவோடு. அவளுடைய உருவம் அந்த வாசலுக்குள் போகாது.

பொருள் கிடைத்துவிட்டது. அப்புறம்தான் உண்மையான வேலை.

சிறுமியை முதலில் கிழிந்த சட்டையும் கண்ணீருமாக வரைந்திருந்தேன். பார்த்தவர்களுக்கு அவள்மேல் இரக்கம் வந்தது, வாசலை யாரும் கவனிக்கவில்லை. கண்ணீரைத் துடைத்து, சட்டையைச் சரியாக்கி, வாசலின் விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பதுபோல மாற்றினேன். பார்வை உடனே விளிம்புக்குப் போனது. உள்ளே நிற்கும் தலைமையாசிரியரை முதலில் கொழுத்த உடம்பும் குரூரச் சிரிப்புமாகப் போட்டிருந்தேன். அதையும் அழித்துவிட்டு, இரண்டு கையையும் நீட்டி அன்பாக வரவேற்பவராக வரைந்தேன். படம் இரண்டு மடங்கு கூர்மையாகிவிட்டது. இப்படிப்பட்ட ஏற்பாடுகள் கெட்டவர்கள் இல்லாமலேயே நடக்கின்றன என்பதுதான் சமூகவியல் நமக்குச் சொல்லித் தந்தது. வில்லனை வரைந்தால் அந்த உண்மை படத்திலிருந்து விழுந்துவிடுகிறது.

வசனம் முதலில் இப்படி இருந்தது: "எங்கள் பள்ளியில் வசதி, பின்னணி எதுவும் பார்ப்பதில்லை, யார் வேண்டுமானாலும் வரலாம், ஆனால் நீதான் முயற்சி செய்ய மாட்டேன் என்கிறாய்." வெட்ட வெட்ட, மிஞ்சியது இவ்வளவுதான்: "திறந்துதானே இருக்கு, வாம்மா!" வாசல் ஏற்கெனவே சொல்வதை வசனமும் சொன்னால் இரண்டும் கெடும்.

உங்கள் படம் உங்களுக்கே தெரியாமல் என்ன சொல்கிறது?

வேலிக்கு இந்தப் பக்கம் மூன்று பேர் பெட்டிமேல் ஏறி விளையாட்டு பார்க்கும் படம் நினைவிருக்கிறதா? ஒரு பக்கம் ஆளுக்கு ஒரு பெட்டி, இன்னொரு பக்கம் குட்டையானவருக்கு இரண்டு பெட்டி. அமெரிக்கப் பேராசிரியர் கிரெய்க் ஃப்ரோல் 2012-இல் உருவாக்கிய படம். சமத்துவத்துக்கும் சமநீதிக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே பார்வையில் சொல்லிவிட்டதால் கல்விக் கூட்டங்கள் எல்லாவற்றிலும் ஏறிவிட்டது. பிறகு ஒரு விமர்சனம் வந்தது, சரியான விமர்சனம். மூன்று பேரின் உயரம் வேறாக இருப்பதாக வரைந்தால், குறை அவர்கள் உடம்பிலேயே இருப்பதாக ஆகிவிடுகிறது. நிஜத்தில் பிள்ளைகள் ஒரே உயரம்தான், நிற்கும் தரைதான் சரிவு. அதற்கேற்ப ஒரே உயர ஆட்களையும் சாய்ந்த தரையையும் வைத்து வேறு சிலர் திருத்தி வரைந்தார்கள்.

டிராக்ஸ்லரின் விலங்குகளுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. மீன் பிறவியிலேயே மரம் ஏறாது. ஒரு பிள்ளை கணக்கில் பின்தங்குவது பெரும்பாலும் அந்த மாதிரி இல்லை. எனக்கு அந்தப் படம் பிடிக்கும், ஆனால் அதை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டு பிள்ளைகளை விலங்குகளாக வரைய வேண்டாம் என்றுதான் சொல்வேன். உங்கள் படத்தில் இருக்கும் வேறுபாடு எங்கிருந்து வந்தது? உடம்பிலிருந்தா, தரையிலிருந்தா? இந்தக் கேள்வியை ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

முகம் வரைய வேண்டியிருந்தால்

சில நேரம் ஆளையே வரைய வேண்டியிருக்கும்: கொள்கையை அறிவித்த அமைச்சர், விவாதத்தில் அடிபடும் அறிஞர். அப்போது கேரிகேச்சர் தேவை.

அடிப்படை அளவு ஒன்றை மனதில் வையுங்கள். சராசரி முகத்தில் கண்கள் தலையின் பாதி உயரத்தில் இருக்கும். தலையின் அகலம் ஏறக்குறைய ஐந்து கண் அகலம். இதிலிருந்து அந்த ஆள் எங்கே விலகுகிறார் என்று தேடுங்கள். நெற்றி கூடுதலா, கண்கள் நெருக்கமா, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே இடம் அதிகமா? இரண்டு விலகலைத் தேர்ந்தெடுத்து அவற்றை மட்டும் பெரிதாக்குங்கள். எல்லாவற்றையும் பெரிதாக்கினால் எதுவுமே பெரிதாகத் தெரியாது. 1985-இல் சூசன் பிரென்னன் கணினியில் கேரிகேச்சர் போட ஒரு முறை உருவாக்கினார். ஒரு முகத்துக்கும் சராசரி முகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்து, அந்த வித்தியாசத்தைப் பெருக்குவதுதான் அந்த முறை. தெரிந்தவர்களின் முகத்தை அப்படி மிகைப்படுத்திய கோட்டோவியமாகக் காட்டினால், அளவு மாறாத கோட்டோவியத்தைவிட மக்கள் வேகமாக அடையாளம் கண்டுகொள்கிறார்கள் என்று அடுத்து நடந்த சோதனையில் தெரிந்தது.

பயிற்சிக்கு: ஒருவரின் நாலைந்து புகைப்படங்களை ஐந்து நிமிடம் பாருங்கள். மூடி வைத்துவிட்டு, நினைவிலிருந்து வரையுங்கள். நினைவில் எது தங்கியதோ அதுதான் விலகல். தாடிக்கார அறிஞர்களில் தொடங்கினால் நல்ல பயிற்சி கிடைக்கும், ஏனென்றால் தாடி மட்டும் போதாது என்று சீக்கிரமே புரிந்துவிடும். மார்க்ஸுக்குத் தலைமுடியும் தாடியும் சேர்ந்து ஒரே பிடரிபோல விரிந்திருக்கும். சமூகவியலாளர் எமில் துர்கைமுக்கு ஏறிய நெற்றியும் மூக்கில் கவ்விய கண்ணாடியும்தான் அடையாளம்.

இதில் ஓர் எல்லை இருக்கிறது. தோல் நிறம், ஓர் இனத்தாருக்கோ வகுப்பாருக்கோ பொதுவான முக அமைப்பு, உடற்குறை இவற்றைத் தொட வேண்டாம். மரியாதை ஒரு காரணம். கலைக் காரணமும் உண்டு: ஒரு கூட்டத்துக்கே பொதுவானதைப் பெருக்கினால் பார்ப்பவர் அந்தத் தனி ஆளைப் பார்ப்பதில்லை, கூட்டத்தையே பார்க்கிறார். அதோடு உங்கள் வாதம் காணாமல் போய்விடும்.

நல்ல கேரிகேச்சர் ஒரு கட்டத்தில் முகத்தையே விட்டு வெளியேறிவிடும். 1831-இல் பிரான்சில் சார்ல் ஃபிலிப்போன் என்ற பத்திரிகையாளர், மன்னர் லூயி ஃபிலிப்பை அவமதித்ததாக வழக்கில் நிறுத்தப்பட்டபோது, நீதிமன்றத்தில் நாலு படம் காட்டினார். முதல் படம் மன்னர் முகம். அடுத்தடுத்து மாறி நாலாவது வெறும் பேரிக்காய். எந்தப் படத்தில் குற்றம் தொடங்குகிறது என்பது அவர் கேள்வி. தண்டனையிலிருந்து அவர் தப்பவில்லை. ஆனால் அதன் பிறகு யார் பேரிக்காய் வரைந்தாலும் அது மன்னர்தான்.

மையும் எழுத்தும்

கருவிகளைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றும் இல்லை. மென்மையான பென்சில், ஒரு கறுப்பு மைப்பேனா, நிழலான பெரிய இடங்களுக்கு பிரஷ் பேனா, கொஞ்சம் தடித்த தாள். டேப்லெட்டில் வரைந்தாலும் சரி. முக்கியமான பொருளின் வெளிக்கோடு தடிப்பாக, பின்னணி மெல்லிசாக இருக்கட்டும். என் வாசல் படத்தில் தடித்த கோடு ஒன்றே ஒன்றுதான்: அந்த வெட்டப்பட்ட விளிம்பு.

எழுத்தில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். தமிழ்ச் சொற்கள் நீளம். படத்தை முடித்துவிட்டுக் கிடைத்த மூலையில் பேச்சுக்குமிழி போட்டால், "ஒருங்கிணைக்கப்பட்ட" என்ற ஒரு சொல்லே குமிழியைத் தாண்டிப் போகும். அதனால் வசனத்தை முதலில் எழுதுங்கள், அதைச் சுற்றிக் குமிழி போடுங்கள், மீதி இடத்தில் படம். மேலே புள்ளியும் விலங்கும், கீழே சுழியும் என்று நம் எழுத்து இரண்டு பக்கமும் நீள்வதால் வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விடுங்கள். குமிழிக்குள் பேச்சுத்தமிழ், பலகை, சுற்றறிக்கை போன்றவற்றில் எழுத்துத்தமிழ். இந்த ஒரு வேறுபாடே பல சமயம் கேலியாக வேலை செய்யும். சுற்றறிக்கையின் மொழியில் ஒரு பிள்ளையிடம் பேசும் அதிகாரியை வரைந்து பாருங்கள்.

கல்லின்மேல் "சமூகம்", சங்கிலியின்மேல் "தேர்வு முறை" என்று பெயர் எழுதாதீர்கள். பெயர் எழுதினால்தான் புரியும் என்றால் பொருள் சரியாக அமையவில்லை, கட்டங்களுக்குத் திரும்பிப் போக வேண்டும்.

வெளியிடுவதற்கு முன்

வசனத்தை மறைத்துவிட்டு, விவாதம் தெரியாத ஒருவரிடம் காட்டி, "இதுல என்ன நடக்குது?" என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் விளக்கக் கூடாது. அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் படம் யாரைப் பற்றியதோ அவர்களில் ஒருவரிடம் காட்டுங்கள். இந்த இரண்டாவதை நான் ஒருமுறை செய்யாமல் விட்டேன். விடைத்தாள் குவியலின்மேல் தலைவைத்துத் தூங்கும் ஆசிரியரை வரைந்திருந்தேன், திருத்துவதில் அலட்சியம் என்று காட்ட. படம் வெளிவந்த பிறகு ஓர் ஆசிரியர் என்னிடம் நிதானமாகக் கேட்டார்: "தம்பி, தூங்குறவரை வரைஞ்சிருக்கீங்க, சரி. அவ்வளவு தாளை அவர் மேசையில கொண்டுவந்து வச்சது யாரு? அந்த ஆளு படத்துல எங்க?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு வாரம் கழித்து அதையே திரும்ப வரைந்தேன். ஆசிரியர் அதே இடத்தில் தூங்குகிறார். குவியல் மட்டும் கூரையைப் பிளந்துகொண்டு மேலே போகிறது, மேல்மாடி ஜன்னலிலிருந்து ஒரு கை இன்னொரு விடைத்தாள் கட்டை அதன்மேல் வைக்கிறது.

படிப்பவர் நின்று பார்க்கும் இடம் மாறினால் படமும் மாறும். இந்தியக் கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1949-இல் வரைந்த ஒரு கேலிச்சித்திரத்தில், அரசியல் சட்டம் நத்தையாக ஊர்கிறது; அதன்மேல் அம்பேத்கர் சாட்டையோடு உட்கார்ந்திருக்கிறார்; பின்னால் நேருவும் சாட்டையோடு நிற்கிறார். வரைந்த காலத்தில் தாமதத்தைப் பற்றிய படம். அது பதினோராம் வகுப்பு அரசியல் அறிவியல் பாடநூலில் இடம்பெற்று, 2012-இல் நாடாளுமன்றம்வரை பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. காரணம், அம்பேத்கருக்குப் பின்னால் ஓங்கிய ஒரு சாட்டை. சாட்டையின் வரலாற்றை உடம்பில் சுமந்தவர்களுக்கு அது வேகத்தின் சின்னமாக மட்டும் இருக்க முடியாது. சாட்டை, பிரம்பு, மண்டியிடுதல், செருப்பு போன்றவற்றை வரையும் முன் இதை யோசியுங்கள்.

கேலியைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. 1958-இல் பிரிட்டன் சமூகவியலாளர் மைக்கேல் யங், அறிவுத்தகுதியை மட்டும் வைத்து ஆள்பவர்களைத் தேர்ந்தெடுக்கும் ஒரு சமூகம் எவ்வளவு கொடூரமாக மாறும் என்று நையாண்டியாக எழுதி, மெரிட்டோக்ரசி என்ற சொல்லைப் பரவச் செய்தார். எச்சரிக்கையாகச் சொன்ன அந்தச் சொல்லைத் தலைவர்கள் லட்சியமாகப் பேசுவதைக் கண்டு 2001-இல் அவரே வருந்தி எழுத வேண்டி வந்தது. உங்கள் எதிர்த்தரப்பு உங்கள் படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளுமா என்று யோசியுங்கள். மாட்டிக்கொள்ளும் என்றால், பாதிப்பு யாருக்கு என்பது படத்தில் தெரியவில்லை என்று அர்த்தம். பாதிக்கப்படுபவரைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவாருங்கள்.

வாசல் படத்தை நான் கடைசியாகக் காட்டியது ஒரு பத்து வயதுச் சிறுமியிடம். வாசலின் வடிவத்தை அவள் உடனே பிடித்துக்கொண்டாள். பிறகு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இந்த அக்கா உள்ள போயிட்டா பாப்பாவை யாரு வச்சுக்குவா?" என்று கேட்டாள். அதை ஒரு துண்டுத்தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். அடுத்த இருபது கட்டங்கள் அந்த வரிக்கு.